வழி கூறா ஆய்வேடுகள்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்று கொண்ட மரபு நம்முடையது. அப்பாயிரத்துள் கூறப்படவேண்டியவை என நன்னூல் எண்ணும் எட்டனுள், ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது 'வழி'. இந்நூல் எதன் வழி வந்தது என்பது கற்போனுக்கு முதற்கண் தெரிதல் வேண்டும் என்பது கருத்து. அதனைச் சொல்லுபவரும் ஆக்கியோன் அல்லர். அவனுடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ ஆவர். மறைக்க நினைத்தாலும் உடனிருந்தார் விடமாட்டார் போலும்!

இன்று நம் பல்கலைக்கழக மாணவர் தமிழில் எழுதும் இடுபணிகளிலும் ஆய்வேடுகளிலும் பலவற்றைப் படிக்குங்கால், ஆக்கியோன் பெயர் இருக்கிறது. நுதலிய பொருள் இருக்கிறது. பயன் இரண்டு பக்கங்களில் விரிக்கப்பட்டிருக்கிறது. வழி மட்டும் இல்லை. இறுதியில் நீண்டதொரு துணைநூற்பட்டியல் உண்டு. ஆயின், எப்பக்கத்துக் கருத்து எந்நூலினின்றும் வந்தது என்பதனை அப்பட்டியல் சொல்லாது.

இக்குறையைச் சுட்டினால் ஒரு சமாதானம் கூறப்படுகிறது. எழுத்துத் திருட்டு என்னும் எண்ணமே மேலைநாட்டாரது. முன்னோர் பொருளையும் சொல்லையும் எடுத்தாள்வது நம் முறை. பவணந்தியார் தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றைத் தம் நூலுள் அமைத்துக்கொள்ளவில்லையா என்பர். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் இலக்கணம் கற்றாருக்குத் தொல்காப்பியம் நெஞ்சில் இருந்தது. எடுத்த நூற்பா எவருடையது என்பதில் ஐயம் எழ இடமில்லை. அறிந்தார் நடுவே முன்னோர் சொல்லை எடுத்து வைத்தல் அம்முன்னோரைப் போற்றுதலாகும். அறியாதவரிடம் அதனையே தம் சொல்லாக நீட்டுவது வேறு.

வழி கூறும் ஒழுக்கம் நம்மிடம் எத்துணை நுட்பமாக இருந்தது என்பதற்கு அடியார்க்குநல்லாரைக் காட்டினால் போதும். இசையும் கூத்தும் செறிந்த சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப் புகுந்த அவர், தம் உரைப்பாயிரத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுகிறார். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசை நூல்கள் இறந்தன என்கிறார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றில் சிற்சில நூற்பாக்களே வழங்குகின்றன, முழுமையாகக் காணக் கிடைத்தில என்கிறார். தாம் கருவியாகக் கொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகிய ஐந்தென்று பெயர் சுட்டுகிறார். முறுவலை முழுதும் கற்றவர்போல் அவர் காட்டிக்கொண்டிருந்தால் மறுத்திருப்பார் எவர்? நூல்தான் இல்லையே! எனினும் கண்டதற்கும் கேட்டதற்கும் இடையே அவர் கோடு கிழித்தார். அவர் குறித்த ஐந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு, நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1970களில் அச்சேறியது. பழைய இசைத்தமிழ் உலகில் அது பெற்றிருந்த மதிப்புக்கு அவர் விட்டுச்சென்ற குறிப்பு சான்றாக நின்றது. அவருரையை 1892இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் தமக்குச் சுவடி தந்துதவியோரைக் குறிப்பிட மறந்தாரல்லர்.

இதற்கு நேர்மாறானது இரவல் மேற்கோள். நச்சினார்க்கினியர் உரையை ஒருவர் வருந்திக் கற்று ஒரு தொடரை எடுத்துக் காட்டியிருப்பார். அவர் கட்டுரையை மட்டும் படித்த மாணவர், கட்டுரையை விட்டுவிட்டு நச்சினார்க்கினியரையே அடிக்குறிப்பில் இடுவார். நூற்பா எண் முதற் கட்டுரையில் பிழைபட்டிருந்தால் அப்பிழை அடுத்தடுத்த ஆய்வேடுகளிலும் குடியேறும். பல சுவடிகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரே மூலத்தினின்றும் பெயர்த்தெழுதப்பட்டன என்று கருதுவது மூலபாட ஆய்வின் அடிப்படை. ஓலைச்சுவடிக்கு வகுத்த அம்முறையைப் பட்டதாரிகளின் ஆய்வேடுகளுக்குப் பொருத்திப் பார்க்க நேர்வது வருந்தத்தக்கது.

ஆங்கில நூலொன்றின் பத்தியைத் தமிழாக்கித் தம் கருத்தாக எழுதுவோரும் உளர். சொற்கள் தம்முடையவை ஆதலின் திருட்டன்று என்பது அவர்கள் துணிபு. தொல்காப்பியர் மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாகவே வைத்தார், முதல்நூலாக வைத்தாரல்லர்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தை ஆய்வாரிடத்து இக்குறை பெருந்தீங்காகிறது. திருக்குறளை யார் களவாடினும் வள்ளுவர் பெயர் அழியாது. நம் நாடுகளில் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்தவர் சிலரே. இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல் 1969இல் வெளிவந்தது. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், 1935இல் தோன்றிய தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களைப் புரட்டி, ஒரு சிறுகதை வெளிவந்த நாளை உறுதிசெய்வதற்கு எத்தனை பிற்பகல்கள் கழியும்! அந்நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டவர் பெயரை விட்டுவிடும்போது, அவ்வுழைப்பு நடந்தது என்பதற்கே சுவடில்லாமல் போகிறது. அந்நாள் சரிதானா என்று பார்க்க விரும்பும் அடுத்த ஆய்வாளரும் எங்குத் தொடங்குவது என்றறியாது நிற்பார்.

ஒப்புமை காட்டும் கணினி மென்பொருள்கள் இருக்கின்றனவே எனலாம். அவை தம்மிடம் சேர்ந்துள்ள எழுத்தோடு மட்டுமே ஒப்பிடவல்லவை. கணினியேறாத பழைய மலர்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும் அவற்றின் கண்ணுக்குப் புலப்படா. கேட்ட அளவிலே கட்டுரை புனைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் இப்போது வந்துவிட்டது. அது தரும் மேற்கோள்களுள் இல்லாத நூலின் பெயரும் கலந்திருத்தல் உண்டு.

மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பள்ளியில் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்வித்து, தேர்வுத்தாளில் அப்படியே எழுதுவித்து, நல்ல புள்ளிகளும் வாங்கித் தருகிறோம். அம்மாணவர் பல்கலைக்கழகம் புகுந்ததும் அதே செயலைக் குற்றம் என்கிறோம். இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. இடைநிலைப் பள்ளிக் கட்டுரையிலேயே, 'இக்கருத்தை இன்ன நூலில் கண்டேன்' என்று ஒரு வரி எழுதச் செய்து, அவ்வரிக்கும் ஒரு புள்ளி தர நம் ஆசிரியர்கள் முன்வரலாம். அதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.