உரையும் வியாக்கியானமும்

நூற்பொருளை விளக்குவதைக் குறிக்க நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. உரை, பொழிப்பு, விளக்கம், பாஷ்யம், வியாக்கியானம் எனப் பல உண்டு. இவற்றுள் வியாக்கியானம் அடைந்த கதி விந்தையானது. வைணவப் பெரியார்களிடத்தே அஃது உயர்ந்த சொல். நாலாயிரம் முழுவதற்கும் பெரியவாச்சான் பிள்ளை செய்தது வியாக்கியானமே. ஆனால் சிரம்பான் கடைத்தெருவிலோ பகாவ் பக்கத்துத் தோட்டத்து லயத்திலோ ஒருவர் "வியாக்கியானம் பண்ணாதே" என்றால், சாக்குப்போக்குச் சொல்லாதே என்பதே பொருள். உரை என்னுஞ் சொல்லுக்கோ அந்த இழுக்கு நேரவில்லை. இன்றும் மதிப்போடு வீற்றிருக்கிறது. இது நியாயந்தானா?

பவணந்தியார் நன்னூலில் உரைக்கு 14 கூறுகள் சொல்லி, அதனைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக வகுத்தார். அக்கூறுகளுள் ஒன்று பாடம். மூலத்தை உள்ளவாறு காட்டுவது. மற்றொன்று துணிவு, ஐயமுற்ற இடத்தில் இதுவே பொருளென்று முடிவு கட்டுவது. இத்துணிவின் வழியாகத்தான் உரையாசிரியர் தம் சொந்தச் சரக்கோடு உள்ளே நுழைகிறார்.

இறையனார் களவியலுரை பற்றிய கதையை அன்பர்கள் கேட்டிருப்பார்கள். நூல் செய்தவர் கடவுளாம். உரை கண்டவர் சங்கப்புலவராம். எது மெய்யுரை என்று தீர்ப்பளித்ததோ ஐந்து வயது ஊமைப்பிள்ளையாம்! நக்கீரர் உரைக்கு அவன் கண்ணீர் வார்த்தான், வழக்கு முடிந்தது. காரணங் கேட்க இடமே வைக்காத தீர்ப்பு.

திருக்குறளுக்குப் பண்டை உரைகாரர் பதின்மர் என்பர். ஐவர் உரையே கிடைத்துள்ளன. அவருள் பரிமேலழகரே நாட்டில் ஆட்சி பெற்றார். அவருடைய இலக்கணப் புலமையை மறுப்பது அறிவீனம். பிறர் கொண்ட பொருளையும் எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமுங் கூறும் நேர்மை அவரிடம் உண்டு. ஆயினும் அறமாவது யாதென்று சொல்லப் புகுந்தவிடத்து, மனு முதலானோர் நூல்களின் விதிவிலக்குகளை அளவுகோலாக நாட்டிவிட்டார். வள்ளுவர் குறள் எதிலும் மனுவின் பெயரே இல்லை! உரை என்ற பெயரால் வந்தமையால் நம்மவர் அதனை மூலமென்றே விழுங்கினர். அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை 1917இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை பதிப்பித்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்க்கே எது வள்ளுவர் சொல், எது உரைகாரர் சொல் என்பது புலப்படும்.

நம் கட்சியாரும் இக்குற்றத்துக்குத் தப்பினாரல்லர். மு. கருணாநிதி அவர்கள் 1996இல் வெளியிட்ட தம் உரையில் முதல் அதிகாரத்தின் தலைப்பையே 'வழிபாடு' என்று மாற்றினார். கடவுட் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் பிடிக்காத சொல்லை அழித்தெழுதுதல் உரையாகாது. மனுவை நுழைத்தவரைக் கண்டித்த வாய் இதற்கும் திறக்க வேண்டும்.

உரைத்தல் என்பதற்குத் தேய்த்தல் என்றும் பொருளுண்டு; பொன்னின் மாற்றறியத் தட்டான் தேய்க்குங் கல் உரைகல். இரண்டும் ஒரு வேரினவோ அல்லவோ, அதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விடுவோம். கல் பொன்னின் மாற்றைக் காட்டுமேயன்றிப் பொன்னை மிகுவிக்காது.

இவ்வளவும் எழுதும் யான் தூயவனல்லன். தோட்டக் கிராணியாகிய எனக்கு ஆங்கில அறிக்கைகளைத் தொழிலாளர்க்குத் தமிழிற் சொல்லும் வேலையும் உண்டு. ஒருமுறை, உபரித்தொகை "கொடுக்கப்படலாம்" என்றிருந்ததைக் "கொடுக்கப்படும்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் மலர்வதைக் காணும் ஆசைதான், வேறு காரணமில்லை. தொகை வரவில்லை. கடன் வாங்கிப் பிள்ளைக்குப் பள்ளிச்சீருடை தைத்த ஒரு தாய் துரையிடம் போகவில்லை, என்னிடமே வந்து நின்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அதன்பின் தாளிலுள்ளதை முதலில் அப்படியே சொல்லி, சற்று நிறுத்தி, என் கருத்தைப் பிறகு சொல்லி வருகிறேன். ஆயினும் பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் விடுவதில்லை. "கிராணி ஐயா, இது தாள்ல இருக்கிறதா, உங்க வியாக்கியானமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.