சிற்றிலும் சின்ன வீடும்

முதுகலை வகுப்பில் ஒருமுறை 'சின்ன வீடு' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எளிய வாழ்வு பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. சின்ன வீடாகக் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்தேன். வகுப்பே சிரித்தது. 1985இல் பாக்யராஜ் அந்தப் பெயரில் படம் எடுப்பதற்கு முன்பே அது ஊரறிந்த சொல். மனைவி இருப்பது பெரிய வீடு, மற்றவள் இருப்பது சின்ன வீடு. கட்டடத்தின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆணின் நேரத்திலும் சொத்திலும் எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதே இங்கே அளவுகோல். வீட்டைச் சொல்லிப் பெண்ணைக் குறிப்பது நமக்குப் பழைய பழக்கம். மனையிலிருந்து மனைவி வருகிறாள், இல்லிலிருந்து இல்லாள் வருகிறாள். இல்லாளுக்கு ஆண்பால் போலத் தோன்றும் இல்லான் என்ற சொல்லுக்கோ ஒன்றும் இல்லாதவன் என்று பொருள். வீடு இல்லாவிட்டால் அவன் ஏழை. அவளுக்கு வீடு இல்லாவிட்டால் சொல்லே இல்லை.

இலக்கியத்திலும் ஒரு சின்ன வீடு இருக்கிறது. சிறுமியர் மணலில் கட்டும் சிற்றில். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் பாட்டுடைத் தலைவனான சிறுவனிடம், நாங்கள் கட்டியதைக் காலால் சிதைத்துவிடாதே என்று சிறுமியர் கெஞ்சுகிறார்கள். கட்டுவது அவர்கள், பருவமோ இடிக்கிறவனுக்கு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்க இதே வேண்டுதல்தான். ஆனால் அவள் கெஞ்சுவதோடு நிற்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்து, எவ்வளவு வலியோடு கட்டினோம் என்று உழைப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறாள். உரைகாரர்கள் தத்துவம் தேடிப் போன இடம் இது. எனக்கு அந்தக் கணக்கே முக்கியமாகப் படுகிறது.

இப்போது 'சிறிய வீடு, எளிய வாழ்வு' என்று ஓர் இயக்கம் வளர்கிறது. தற்சார்பு, மரபுக் கட்டுமானம், மண் வீடு என்று அதற்குப் பல பெயர்கள். அதை முழுவதுமாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007இல் இறந்த லாரி பேக்கர் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து காட்டிய வேலை அதன் பின்னால் இருக்கிறது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது, கூரைக் கான்கிரீட்டுக்குள் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்துவது என்று அவர் எடுத்துக்கொண்ட கவலைகள் நேர்மையானவை. நம் ஊர் வெயிலில் கான்கிரீட் பெட்டிக்குள் இரவு தூங்கியவர்களுக்கு மண் சுவரின் அருமை தெரியும். எனக்குத் தெரியும்.

சிறுமலை அடிவாரத்தில் அப்படி ஒரு மண் வீட்டுக்குப் போயிருந்தேன். தோழியின் தோழி வீடு. சென்னையில் கணினி வேலையில் இருந்த தம்பதி. கணவர் வேலையை விட்டுவிட்டார், மனைவி வீட்டிலிருந்தபடியே வேலையைத் தொடர்கிறார். எளிய வாழ்வு அவர் சம்பளத்தில் நடக்கிறது. சுமார் 350 சதுர அடி, ஒரே அறை, மேலே பரண் மாதிரி படுக்கை. விறகடுப்பு வெளியே. அழகாகத்தான் இருந்தது. கணவர் கூரையைப் பற்றி, சுவரில் கலந்த கடுக்காயையும் கருப்பட்டியையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தரை மட்டும் எப்படி இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா வாரம் இரண்டு நாள் வந்து சாணி மெழுகிவிட்டுப் போகிறார் என்றார்.

அந்த அம்மாவையும் அன்று பார்த்தேன். சாணித் தரை உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்களே என்று பேச்சுக் கொடுத்தேன். "குளிர்ச்சிதான் டீச்சர். எங்க வீட்டுல மெழுகி மெழுகி இடுப்பு விட்டுப்போச்சுன்னுதானே சீட்டுப் போட்டு சிமெண்டுத் தளம் போட்டேன். இங்க வந்து மறுபடி மெழுகுறேன். இங்க காசு குடுக்குறாங்க, அங்க யாரு குடுத்தா?" என்றார். இந்த இயக்கத்தைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதித் தொகுப்பு 2018இல் 'டைனி ஹவுஸ்' என்பதற்கு இலக்கணம் வகுத்தது: பரணைச் சேர்க்காமல் 400 சதுர அடி அல்லது அதற்கும் குறைவு. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கான வீட்டின் குறைந்தபட்ச அளவு சமையலிடத்தையும் சேர்த்து 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. அங்கே இயக்கமாக இருப்பது இங்கே விண்ணப்பப் படிவமாக இருக்கிறது. அங்கே ஒருவரோ இருவரோ பொருள்களைக் குறைத்துக்கொண்டு குடியேறும் இடத்தைவிடக் குறைவான இடத்தில், இங்கே மாமியார், பெரிய பெண், பையன், ஆட்டுக்குட்டி எல்லாம் அடக்கம். இவர்களிடம் போய்ப் பொருள்களைக் குறையுங்கள் என்று யார் சொல்வது?

சின்னாளபட்டியிலிருந்து வந்த ஒரு மாணவியின் வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். தறி ஓயும்வரை படிக்க முடியாது, தறி ஓய்ந்ததும் எல்லோரும் அதே அறையில் படுத்துவிடுவதால் விளக்குப் போட முடியாது. தேர்வு மாதத்தில் தெருவிளக்கின் கீழே படிக்கலாமே என்று யாரோ சொன்னார்களாம். தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்த கதைகள் எல்லாம் ஆண்களுடையவை. பத்தொன்பது வயதுப் பெண் இரவு பத்து மணிக்குத் தெருவில் உட்கார்ந்து படித்தால் மறுநாள் வேறு கதை ஆகிவிடும். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் தனக்கென ஓர் அறை வேண்டும் என்று எழுதியதை வகுப்பில் நடத்தும்போது, அந்த அறைக்குத் தாழ்ப்பாளும் வேண்டும் என்று அவர் சொன்னதை நான் அழுத்திச் சொல்வது இந்தப் பெண்ணுக்காக. மாதவிடாய்த் துணி மாற்ற இடமில்லாத வீட்டில் திறந்த வெளி அழகு என்று பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எளிமையைப் போதித்த ஆண்களின் வாழ்க்கையை இந்த இடத்தில் கொஞ்சம் பார்க்கலாம். 1845இல் வால்டன் குளக்கரையில் பத்துக்குப் பதினைந்து அடியில் குடில் கட்டிக்கொண்ட தோரோவுக்கு அம்மாவின் வீடு நடக்கும் தூரத்தில் இருந்தது. அங்கே போய்ச் சாப்பிட்டும் வந்தார். நம் குமரப்பா இன்னும் கறாரானவர். தே. கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்து 1960இல் மறைந்தார். ஷூமாக்கர் 1973இல் சிறியதே அழகு என்று எழுதியபோது குமரப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இருவருமே மணமாகாதவர்கள். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டு எளிமையாக வாழ்வது எப்படி என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்க வாய்ப்பில்லை.

பதில் இருந்தால் அது திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்து மகள். இளம் வயதில் கணவனை இழந்து, மருத்துவம் படித்து, சாதி கடந்து ஜி. ராமச்சந்திரனை மணந்தவர். படிக்கவைத்த குடும்பம்தான் அது. என்றாலும் கைம்பெண்ணுக்கு அன்றைய பெரிய வீடுகள் ஒதுக்கிய மூலையை நினைத்தால், அவருடைய எளிமையைத் துறவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது வெளியேறும் வாசல். வாசல் வழியே வந்தவர் செய்த வேலையும் பெண்களுக்கான பிரசவமும் கல்வியும்.

அவரிடம் படிப்புக்கு ஆதரவு பெற்றவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் பட்டிவீரன்பட்டிப் பக்கத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய எளிமை யாரும் தேர்ந்து எடுத்ததல்ல, பிறக்கும்போதே இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் ஓடி ஒளிந்தது ஒரு சிறிய குடிசையில். சிறிய வீட்டின் அழகைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் குடிசை நினைவுக்கு வருகிறது. இதைப் பொருத்தமில்லாத ஒப்பீடு என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். கூரையும் தட்டியும் எளிதில் பற்றும் என்பதும், அப்படிப்பட்ட வீட்டில் யாரை இருக்கவைத்தோம் என்பதும் சாதியின் கட்டடக்கலை. அதைப் பேசாமல் மண், ஓலை, மரபு என்று மட்டும் பேசுவதே எனக்குப் பொருத்தமில்லாததாகத் தெரிகிறது.

வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். நிலம் பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. அடுத்து வீடு. கதர் கட்டி, கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்த காந்தியவாதி, குடிசையைப் போற்றிப் பேசியிருக்கலாம். அவர் குடிசைகளை ஒழித்துச் செங்கல் வீடு கட்டுவதையே தன் பிற்கால வேலையாக எடுத்துக்கொண்டார். எளிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் செங்கல் கேட்டவர். இன்றைய இயக்கத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கும் சிறிய வீடுதான் பிடிக்கும். பெருக்கித் துடைக்க நேரம் குறைவு, விருந்தினர் தங்குவதும் குறைவு. பெரிய வீடு கட்டியவர்கள் ஆண்களாகவும் அதைத் துடைப்பவர்கள் பெண்களாகவும் இருக்கும் ஊரில், வீடு சுருங்குவதில் பெண்ணுக்கு லாபம் உண்டு. ஆனால் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறிய வீட்டையும் யாரும் சுலபமாகத் தருவதில்லை. நாற்பது வயதில், கல்லூரி வேலையோடு, வாடகைக்கு வீடு தேடியபோது "கூட யாரு இருப்பாங்க?" என்ற கேள்வியைத் தாண்டி வாடகைப் பேச்சுக்கு வரவே பல நாளானது.

சாணி மெழுகுகிற அம்மாவின் வீட்டுக்கு மறுமுறை போனேன். தளம் மட்டும்தான் சிமெண்டு, மேலே தகரம். மத்தியானம் உள்ளே உட்கார முடியவில்லை. அரசுத் திட்டத்தில் கேட்கவில்லையா என்றேன். இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது, கொழுந்தன்மார் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். புருஷன் போய் ஆறு வருடம். டிரங்குப் பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினார். மனுவில் என்ன எழுத வேண்டும், தன் பெயர் முதலில் வருமா பையன் பெயர் முதலில் வருமா என்று கேட்டார். அவர் பெயரை முதலில் போட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பெயருக்குக் கீழே 'க/பெ' என்று கணவர் பெயர் போடாவிட்டால் வாங்குவார்களா என்றார்.