பாத்தும்மா என்ற பெயரும் நமது கதைகளும்

நமது சிறுகதைகளில் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கப்படும் விதம் பற்றி விமர்சகர்கள் அதிகம் பேசியதில்லை. கரு, நடை, மண்வாசனை, பேச்சுவழக்கு என்பன பற்றியெல்லாம் போதியளவு எழுதியாயிற்று. பெயர் ஒரு சின்ன விடயமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. பத்தாம் தரத்து மாணவியொருத்தி ஒரு கேள்வி கேட்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அவளது பெயர் பாத்தும்மா. வாப்பாவின் உம்மா மௌத்தான மாதத்தில் பிறந்தவள் என்பதால் அவரது பெயரையே வைத்துவிட்டார்கள். வகுப்பு இடாப்பில் அவளுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் றிஸ்னா, ஷிப்னா, நுஸ்றா. இடாப்புக் கூப்பிடும்போது அவள் பெயர் வந்தால் பின் வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழும். எனது கதையொன்றை வாசித்துவிட்டு ஒருநாள் அவள் வந்தாள். "சேர், இந்தப் பேரு வெச்சவ எல்லாருமே கதையில சட்டி பானைதான் கழுவணுமா?" என்று கேட்டாள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயரை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்பது அவளது அடுத்த கேள்வி.

என் கதையில் வந்த பாத்தும்மா, ஒரு போடியார் வீட்டில் வேலைக்கு நிற்கும் பெண். அந்த வீட்டின் படித்த மகளுக்கு நான் வைத்திருந்த பெயர் றிஸ்வானா. யோசித்து வைத்ததல்ல. கை தானாகவே அப்படி எழுதியது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

இது எனது கையின் பழக்கம் மட்டுமல்ல. என்னிடமுள்ள பழைய தொகுதிகளையும் இதழ்களையும் மீண்டும் புரட்டிப் பார்த்தேன். பாத்தும்மா, ஆசியாஉம்மா, றஹ்மத்தும்மா என்ற பெயர்கள் வந்தால் அவள் கிழவியாக இருப்பாள். அல்லது ஏழையாக, எழுத்தறியாதவளாக இருப்பாள். பல்கலைக்கழகம் செல்பவளுக்கும் சீதனத்தை எதிர்த்துக் குரலெழுப்புபவளுக்கும் வேறு பெயர். வாசகன் முதல் வரியிலேயே பாத்திரத்தின் விதியை அறிந்துகொள்கிறான். வர்ணனைக்குச் செலவிட வேண்டிய உழைப்பைப் பெயரின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

வைக்கம் முஹம்மது பஷீர் 1951இல் எழுதிய 'எங்கள் உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலை இங்கு நினைவுகூரலாம். அதன் நாயகி குஞ்ஞுப்பாத்தும்மா. எழுத்தறியாதவள்; யானைப் பெருமை பேசும் உம்மாவின் மகள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள், படித்த குடும்பத்திலிருந்து வரும் ஆயிஷா. பழைய வீட்டுக்கு நாட்டுவழக்குப் பெயர், புதிய வீட்டுக்குச் சுத்தமான அறபுப் பெயர் என்று பஷீரும் பிரிக்கத்தான் செய்கிறார். ஆனால் குஞ்ஞுப்பாத்தும்மா இளையவள், அழகி, காதலிப்பவள். நாவல் முழுவதும் அவளது கண்வழியே நகர்கிறது. அவளது அறியாமையைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அவளைக் கண்டு சிரிப்பதில்லை. 1959இல் வந்த 'பாத்துமாவின் ஆடு' கதையிலும் அப்படியே. வறுமைப்பட்ட அந்தச் சகோதரியின் பெயர்தான் நூலின் தலைப்பில் நிற்கிறது. பெயர் பழையது என்பதற்காக அவர் அதைச் சமையலறைக்கு அனுப்பிவிடவில்லை.

சரி, இப்பெயர் உண்மையிலேயே பழசாகிவிட்டதா? பாத்திமா நாயகியின் பெயர் அது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'பாத்திமா திருமணப் படலம்' என ஒரு படலமே வைத்திருக்கிறார். இன்றும் நமது பெண்பிள்ளைகளில் பலரது பிறப்பத்தாட்சிப் பத்திரம் 'பாத்திமா' என்றுதான் தொடங்குகிறது. ஆனால் கூப்பிடும் பெயர் வேறு. பாத்திமா 'எப்.' என்ற முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டது. பெயர் இருக்கிறது, அழைப்பதற்குத்தான் ஆளில்லை.

இன்னொன்றையும் அவதானிக்கலாம். ஆமினா, மர்யம், ஹப்ஸா போன்ற பழைய பெயர்கள் இப்போது முதலாம் தரத்து இடாப்புகளில் மீண்டும் தலைகாட்டுகின்றன. அவை அழகாகவும் தோன்றுகின்றன. ஆனால் ஆமினாஉம்மா திரும்பி வரவில்லை. ஆமினா மட்டுமே வந்திருக்கிறாள். அப்படியானால் நமக்குப் பழசாகிப்போனது எது? அறபுப் பெயரல்ல. அதில் ஒட்டியிருந்த 'உம்மா'வும், 'ஃப'வைப் 'ப'வாக்கிய நமது நாக்கும்தான். பாத்தும்மா என்பதைப் பிழையான உச்சரிப்பு என்று திருத்துவோர் உண்டு. ஓதும்போது உச்சரிப்பு சுத்தமாக இருக்கவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வீட்டில் மகளைக் கூப்பிடுவது ஓதல் அல்ல. தலைமுறைகளாக ஒரு சமூகம் தன் மொழியின் ஒலியிலேயே ஒரு பெயரை வளைத்து, வாஞ்சையும் மரியாதையும் சேர்த்துக் கூப்பிட்டு வந்த வடிவம் அது. அதைப் பிழை என்றால், உமறுப்புலவர் கையாண்ட தமிழையும் பிழை என்றே சொல்ல வேண்டிவரும்.

நண்பரொருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். "அந்த வயதுப் பெண்களின் பெயர் அதுதானே? யதார்த்தத்தை எழுதினால் குற்றமா?" என்றார். நியாயமான கேள்வி. எழுபது வயதுப் பெண்ணுக்குப் பாத்தும்மா என்று பெயர் வைப்பது யதார்த்தம்தான். ஆனால் அந்தப் பெயருள்ளவள் எப்போதும் அறிவிலியாகவே இருப்பது யதார்த்தமல்ல. அது நமது சோம்பல். என் உம்மம்மாவும் 'உம்மா'வில் முடிகிற பெயர்க்காரிதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஊரின் காணி எல்லைகளையும் மூன்று தலைமுறைக் குடிவழியையும் மனதில் வைத்திருந்தார். அவரைப் போன்ற ஒருத்தியை நான் இன்னும் எழுதவில்லை. தவிர, இன்றைய றிஸ்னாக்களும் ஷிப்னாக்களும் நாற்பது வருடங்களில் மூத்தம்மாக்களாவார்கள். அன்றைய எழுத்தாளன் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பானோ?

மாணவிக்குப் பெயர் மாற்றும் நடைமுறையை விளக்கினேன். தீர்மானம் அவளுடையது, அவளது பெற்றோருடையது. மாற்றாதே என்று புத்தி சொல்லும் தகுதி, அந்தக் கதையை எழுதிய எனக்கில்லை. அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஆனால் கதை என் கையில் இருக்கிறது. தொகுதியில் சேர்க்கும்போது வேலைக்காரியின் பெயரை மாற்றிவிடலாமென்று முதலில் நினைத்தேன். மீண்டும் வாசித்தபோதுதான், எட்டுப் பக்கங்களில் அவளிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைக் கண்டேன். நானும் கேட்கவில்லை. பெயர் அப்படியே இருக்கட்டும். அவளைப் பேசவைத்து அந்தக் கதையைத் திரும்ப எழுத வேண்டும்.