அடிக்கணக்கு

காலையில் போர் போடும் ரிக் வண்டி காட்டுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், தண்ணீரா வெறும் பாறைத்தூள் புகையா என்று. கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆள் விட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது பெரிய வரம். ஆறரை அங்குல இடம் போதும் என்பதால் சிறு விவசாயியும் துணிகிறார். ஆழ்துளைக் கிணறே கேடு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறை, அதற்குக் கூலி பேசும் முறையில்.

தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிய அடிக்குப் பணம். ஆழம் கூடினால் அடிவிலையும் படிப்படியாக ஏறும். வண்டிக்காரரைக் குற்றம் சொல்லவில்லை, டீசல் அவருக்கும் செலவுதான். ஆனால் நட்டம் முழுக்க நிலத்துக்காரர் தலையில். 400 அடியில் வெறும் புகை பறக்கும்போது, "இன்னும் அம்பது அடி போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்பார்கள். போட்ட காசு வீணாகிவிடுமே என்ற தவிப்பில் தலையாட்டிவிடுவோம். தமிழ்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அதில் நீர் இருப்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக அந்த வெடிப்புகள் பொதுவாக அருகிவிடும். ஆகவே, எந்த அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருமுன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்துவிட வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் ஊற்று கிடைத்தது, சித்திரையில் மோட்டார் எத்தனை மணிநேரம் ஓடுகிறது என்று நான்கு பேரிடம் கேட்டால் அந்த முடிவுக்கு வழி கிடைக்கும்.

எந்த இடத்தில் தோண்டுவது என்பதற்குத் தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நான் நம்புவதில்லை. அவர் சொல்லித் தண்ணீர் வந்த இடங்களை ஊர் பேசுகிறது, புகையான இடங்களை மறந்துவிடுகிறது. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கும் ஆய்வு மேலானது. சிதைந்த பாறை எவ்வளவு ஆழம்வரை இருக்கிறது என்று ஓரளவு காட்டும். ஒடுங்கிய வெடிப்பு அதற்கும் தப்பிவிடலாம்.

கேசிங் பைப்பில் மிச்சம் பிடிக்கவே கூடாது. கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கி உட்காராவிட்டால் மேல்மண் சரிந்து மோட்டார் சிக்கிக்கொள்ளும், மேல்மட்டத்து அழுக்குநீரும் உள்ளே இறங்கும். கம்ப்ரசர் காற்றில் பீறிடும் "ரெண்டு இஞ்ச்" தண்ணீரைப் பார்த்து மோட்டார் வாங்கிவிடவும் கூடாது; பல மணிநேரம் இறைத்து, மட்டம் எவ்வளவு வேகமாகத் திரும்ப ஏறுகிறது என்று பார்த்தபிறகே வாங்க வேண்டும். குடிக்கவென்றால் ஆய்வகச் சோதனையும் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது.

என்னை மிகவும் வருத்துவது புகையான போரின் கதி. கேசிங்கை உருவி அடுத்த குழிக்குக் கொண்டுபோவார்கள். வாய் திறந்தே கிடக்கும். தோண்டுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அப்படியொரு குழிக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை, நாள்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. மண்ணும் கல்லும் கொட்டி மூடும் செலவு அடிக்கணக்கில் வராது. அந்தப் பணத்தையும் வண்டியைக் கூப்பிடுமுன்பே தனியாக எடுத்து வைக்க வேண்டும். 600 அடிக்குக் காசை எண்ணிக் கொடுத்த சாயங்காலம் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.