வழித்துணையா, வழிமறிப்பா?

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரருக்கு வழித்துணைநாதர் என்றும் பெயர். வழிப்பறிக்கு அஞ்சிய மிளகு வணிகர் ஒருவருக்கு அவரே துணையாக வந்தார் என்பது தலக்கதை. இணையத்தில் அலைபவருக்கு அந்தத் துணை பிரவுசரின் ‘பின்’ பொத்தான். திரும்பிவிடலாம் என்ற தைரியத்தில்தான் தெரியாத இணைப்பையும் தொடுகிறோம். அந்தப் பொத்தானின் வரலாற்றுப் பட்டியலில் பக்கத்தின் ஸ்கிரிப்ட் எவ்வளவு கைவைக்கலாம்?

தொடக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைத்தது சிறு உரிமை: முன்னே போகலாம், பின்னே போகலாம், சில படிகளைத் தாண்டலாம். பட்டியலில் எத்தனை படிகள் என்று எண்ணலாம். முகவரிகளைப் படிக்க முடியாது. நாம் எங்கெல்லாம் போய்வந்தோம் என்று பக்கம் துருவக்கூடாது என்ற அந்த வேலி இன்றும் பாராட்டத்தக்கது.

2010 வாக்கில் எச்டிஎம்எல்5 வழியாகப் புஷ்ஸ்டேட், ரீப்ளேஸ்ஸ்டேட் என்ற இரு கட்டளைகள் வந்தன. முதலாவது பட்டியலில் புதுப் படி சேர்க்கும். இரண்டாவது இருக்கும் படியையே திருத்தும். பக்கம் மறுபடி இறங்க வேண்டியதில்லை. வாசகர் பின்னே வந்தால் பாப்ஸ்டேட் நிகழ்வு தகவல் தரும்; ஸ்கிரிப்ட் பழைய காட்சியை மீட்கும். மெதுவான இணைப்பில் இது வரம்.

பிசகுவது பயன்பாட்டில். ஆம்பூர்ச் செருப்பு விற்கும் தளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம், அளவு, விலை என ஒவ்வொரு தொடுகைக்கும் புஷ்ஸ்டேட் எழுதினால், முகப்புக்குத் திரும்பப் பத்து முறை அழுத்த வேண்டும். சிறு மாற்றங்களுக்கு ரீப்ளேஸ்ஸ்டேட் போதும்; ஒரு செருப்பின் தனிப் பக்கத்தைத் திறப்பதுதான் புதுப் படி. ஒரு படி பின்னே போகச் சொல்லும் கோ(-1) கட்டளையில் ஓடும் ‘திரும்பு’ பொத்தானும் சிக்கலே. வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டுப் புதுத் தாவலில் வந்தவருக்குப் பின்னால் படியே இல்லை. பொத்தான் பிழைச்செய்திகூடக் காட்டாமல் மரத்துக் கிடக்கும். செருப்புப் பட்டியல் பக்கத்துக்கு நேரான இணைப்பு கொடுப்பதே உத்தமம்.

இவை கவனக்குறைவு. வெளியேற முயல்பவரைத் தடுக்கப் போலிப் படிகளை அடுக்குவதோ வழிமறிப்பு. வாசகர் எதையும் தொடாத பக்கம் தானாகச் செருகும் படிகளைக் குரோம் 2019 முதல் தாண்டிச் செல்கிறது. ஆனால் வாசகர் ஒருமுறை தொட்டுவிட்டால் அந்தக் காவல் தளர்கிறது. மீதிப் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது.

வசதியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் வாசகர் நடந்த பாதை. தளத்தின் சொத்து அல்ல. அவர் ஒரு படி என்று நினைப்பதை மட்டுமே ஸ்கிரிப்டும் ஒரு படியாக எழுத வேண்டும்.