காகம் ஆசானா? குர்ஆனில் பறவைக் குறியீடுகள்

குறியீடு கற்பிக்கும்போது நாம் வெண்பலகையில் எழுதிப் போடும் பட்டியல் உங்களுக்கும் தெரிந்ததுதான்: புறா என்றால் அமைதி, காகம் என்றால் முன்னோர், வானில் பறக்கும் பறவை என்றால் விடுதலை. ஈப்போவில் என் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் காகத்துக்கு 'ஆசான்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "டீச்சர், குர்ஆன்ல அப்படித்தானே வருது?" என்றான். போய்ப் படித்தேன். தப்பு என்னுடையது.

ஐந்தாம் அத்தியாயம், 31ஆம் வசனம். ஆதமின் மகன் உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். ஒரு காகம் வந்து மண்ணைக் கிளறிக் காட்டுகிறது. இந்தக் காகத்தின் அளவுகூட நம்மால் முடியவில்லையே என்று அவன் கூசிப்போகிறான். காகத்துக்குப் பதில் அங்கே கழுகை வைத்துப் பாருங்க. அந்தக் கூச்சம் பாதியாகிவிடும். குப்பை கிளறும் பறவையிடம் பாடம் படிக்க வேண்டி வந்ததே, அதுதான் அடி. நம் தோட்டத்துப் பாட்டிமார் அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அங்கும் காகம் இறந்தவர் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் வேலை வேறு.

அடுத்து ஹுத்ஹுத், தமிழில் கொண்டலாத்தி (27:20-28). சத்திமுத்தப் புலவரின் நாரை நினைவிருக்கிறதா? புலவர் பேசுகிறார், நாரை வாய் திறப்பதில்லை. ஹுத்ஹுத் அப்படியில்லை. சொல்லாமல் போனதற்குத் தண்டிப்பேன் என்று கோபத்தில் இருக்கும் சுலைமான் நபியிடமே, உங்களுக்குத் தெரியாத ஒன்றை அறிந்து வந்தேன் என்று சபா நாட்டு அரசியின் சேதியைச் சொல்கிறது. கடிதம் கொண்டுபோகும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே 'தூது' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். அரசனுக்கும் தெரியாதது உண்டு என்பது மீதிப் பாதி.

105ஆம் அத்தியாயத்தில் யானைப் படை மீது கல்லெறியும் பறவைகளை 'அபாபீல் என்ற பறவை' என்று எழுதாதீங்க. அது பறவையின் பெயரல்ல; 'கூட்டம் கூட்டமாக' என்று பொருள். யானைக்கு எதிரே நிற்பது பறவையின் இனமல்ல, அதன் சிறுமையும் திரளும்.

சரி, அந்த 'விடுதலை'? 67:19ஐப் பாருங்க. சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை வானில் தாங்கிப் பிடித்திருப்பவன் இறைவன் என்கிறது. நம் பட்டியலுக்கு நேர் எதிர். அந்த மாணவனுக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். வெண்பலகைப் பட்டியலில் 'காகம்' என்பதற்கு நேரே இப்போது ஒரு கேள்வி எழுதுகிறேன்: யாருக்கு, எப்போது, என்ன செய்கிறது?