சொந்தக் குரலில் ஓர் அஞ்சலி

மறைந்த கலைஞனைப் போற்றுவோர் இருவகையினர். அவன் குரலை அப்படியே பின்பற்றுவோர் ஒருவகை. அவன் படைப்பைத் தம் குரலில் வாழச் செய்வோர் மற்றொரு வகை. 2024இல் வெளிவந்த 'பெட்டி கண்ட்ரி' என்னும் அமெரிக்க இசைத்தொகுப்பில் இவ்விரு வகையினரையும் நாம் காண்கிறோம்.

ராக் பாடலாசிரியர் டாம் பெட்டி, புளோரிடா மாநிலத்துக் கெயின்ஸ்வில்லில் 1950இல் பிறந்தவர், 1974இல் இசைவாழ்வை நாடி லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தவர், 2017இல் மறைந்தார். அமெரிக்கச் சிற்றூர் மரபில் வேரூன்றிய கண்ட்ரி இசைஞர்கள் அவருடைய 20 பாடல்களை இத்தொகுப்பில் பாடியுள்ளனர்.

சிலர் மூலத்தின் வேகத்தையும் கிட்டார் ஒலியையும் சிறிதும் மாற்றவில்லை. பழுதில்லை, ஆயினும் மூலம் இருக்க நகல் எதற்கு என்னும் வினா எழுகிறது.

டாலி பார்ட்டனின் பாட்டு அத்தகையதன்று. தென்மாநிலப் பேச்சொலியைப் போற்றும் 'சதர்ன் ஆக்சென்ட்ஸ்' பாடலை 1985இல் பெட்டி பாடியபோது அதில் மகனின் ஏக்கம் ஒலித்தது. டென்னசி மலைப்புறத்தில் பிறந்த பார்ட்டன் பாடும்போதோ தாயின் ஆறுதல் ஒலிக்கிறது. பாடல் ஒன்றே, பொருள் வளர்ந்துவிட்டது. அவ்வாண்டின் மற்றொரு பாடலான 'டோண்ட் கம் அரவுண்ட் ஹியர் நோ மோர்' மூலத்திலேயே சிதார் ஒலி உடையது. ரியானன் கிட்டன்ஸ், பல நாட்டுக் கருவியிசைஞர் அடங்கிய சில்க்ரோடு குழுவினருடன் அதைப் பாடி மேலும் விரிவாக்குகிறார்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழில் வேற்றொலி கலந்திருப்பது கண்டு நாம் நகைக்கிறோம். அவர்களோ பேசுவதையே விட்டுவிடுகின்றனர். சங்க மேடையில் நம் குரலை ஒப்பிப்பதைவிட, தம் குரலில் அவர்கள் தமிழ் பேசுவதன்றோ முன்னோர்க்கு உண்மையான அஞ்சலி!